அட்எக்ஸிட்: வாசல் வழியாகப் போனால் மட்டும்

பல வருஷம் முன்னால் ஒரு குளிர்பதனக் கிடங்குக்குச் சின்னதாக ஒரு சி புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெரிய வேலை இல்லை. நிமிஷத்துக்கு ஒரு தடவை சென்சாரிடம் வெப்பநிலையைக் கேட்டு, தேதி, நேரம், டிகிரி என்று ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டும். காலை 9 மணிக்கு ஓட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் ஐந்தரைக்கு அங்கிருந்த ஆபரேட்டர் கண்ட்ரோல்-சி அடித்து நிறுத்தி, ஃபைலைப் பென்டிரைவில் எடுத்தார். உடனே போன். "தம்பி, மூணு மணிக்கு மேல ஒண்ணுமே ஏறலியே, மெஷின் நின்னுபோச்சா?"

மெஷின் நிற்கவில்லை. திரையில் ஐந்தரை வரைக்கும் எண்கள் ஓடியதை அவரே பார்த்திருக்கிறார். ஃபைலில்தான் இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபைலை ஒழுங்காக மூடுவதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதி, அதை சி நூலகத்தின் அட்எக்ஸிட் என்ற ஃபங்ஷனிடம் பதிவும் செய்து வைத்திருந்தேன். "புரோகிராம் முடியும்போது அது தானாகவே ஓடும்" என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் 'முடியும்போது' என்ற ஒரு சொல் ஆளைக் கவிழ்த்துவிடும். ஒரு புரோகிராம் பல விதமாக முடியலாம். அதில் ஒரு விதத்துக்கு மட்டும்தான் அட்எக்ஸிட் பொறுப்பு. எந்த விதம், ஏன் அது மட்டும் என்பதை அடியிலிருந்து பார்ப்போம். சி மொழியில் ஃபங்ஷன் எழுதத் தெரிந்தால் போதும்.

வாடகை வீட்டைக் காலி செய்வது

வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறீர்கள். உள்ளே கிடக்கும் குப்பை, கழற்றாத ஆணி, பரணில் மறந்த பானை எல்லாவற்றையும் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். கூட்டிப் பெருக்கி, வெள்ளையடித்து, அடுத்தவருக்கு விட்டுவிடுவார். அது அவர் வீடு, எப்படியும் செய்துதான் ஆக வேண்டும்.

பால்காரரிடம் "நாளையிலிருந்து வேண்டாம்" என்று அவர் சொல்ல மாட்டார். பேப்பர்காரர், கேபிள்காரர், கேஸ் ஏஜென்சி என்று யாரிடமும் சொல்ல மாட்டார். அந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கும் வெளியாட்களுக்கும் இடையில் உள்ளது. அதில் அவருக்கு வேலை இல்லை.

புரோகிராம்தான் குடித்தனக்காரர், இயங்குதளம்தான் வீட்டுக்காரர். புரோகிராம் எப்படிச் செத்தாலும் சரி, அது வாங்கிய மெமரியை லினக்ஸோ விண்டோஸோ முழுசாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். திறந்து வைத்த ஃபைல்களையும் நெட்வொர்க் இணைப்புகளையும் மூடிவிடும்.

ஆனால் டிஸ்கில் நீங்கள் உருவாக்கிய தற்காலிக ஃபைலை அது அழிக்காது. 'நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், வேறு யாரும் உள்ளே வராதீர்கள்' என்று அடையாளத்துக்கு வைத்த பூட்டு ஃபைலும் அப்படியே கிடக்கும். எடிட்டர் மாதிரி ஒரு புரோகிராம் டெர்மினலின் அமைப்பை மாற்றி, தட்டும் எழுத்து திரையில் தெரியாமல் செய்திருந்தால், புரோகிராம் போன பிறகும் டெர்மினல் அப்படியே நிற்கும். எதைத் தட்டினாலும் ஒன்றும் தெரியாது, குருட்டாம்போக்கில் 'ரீசெட்' என்று தட்டி என்டர் அடிக்க வேண்டும். இந்த அனுபவம் இல்லாத லினக்ஸ்காரர் குறைவு.

இதனால்தான் அட்எக்ஸிட் என்றதும் "மலாக்கில் வாங்கிய மெமரியை அங்கே ஃப்ரீ பண்ணணும்" என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். வீட்டை இடிக்கப்போகும் நாளன்று தரையைத் துடைப்பது மாதிரி அது. மெமரிக் கசிவைத் தேடும் கருவிகளின் அறிக்கை சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தால் சரி, மற்றபடி அவசியமே இல்லை.

இதுவரை: மெமரி, திறந்த ஃபைல் இவை இயங்குதளத்தின் பொறுப்பு. புரோகிராமுக்கு வெளியே நாம் விட்டுவைத்த தடயங்கள் நம் பொறுப்பு. அட்எக்ஸிட் இந்த இரண்டாவது வகைக்காக.

பில் குத்தும் கம்பி

பழைய கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நெட்டுக்குத்தலாக ஒரு கம்பி நிற்கும். பில்லை அதில் குத்தி வைப்பார்கள். காலையில் முதலில் குத்தியது அடியில், கடைசியாகக் குத்தியது உச்சியில். ராத்திரி கணக்குப் பார்க்கும்போது உச்சியிலிருந்துதான் உருவ முடியும்.

அட்எக்ஸிட் செய்வது அவ்வளவுதான். ஏ, டி, இ, எக்ஸ், ஐ, டி ஆறும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் ஒரே சொல். 1989இல் வந்த முதல் சி தரநிலையிலிருந்தே இருக்கிறது. ஒரு ஃபங்ஷனின் பெயரை அதனிடம் கொடுத்தால், கம்பியில் ஒரு சீட்டு ஏறும். இதைத்தான் பதிவு செய்வது என்கிறோம். அந்த நேரத்தில் ஃபங்ஷன் ஓடாது, சீட்டு மட்டும் ஏறும். பிறகு ஒருநாள் 'எக்ஸிட்' என்ற ஃபங்ஷன் கூப்பிடப்படும்போது, அது கம்பியின் உச்சியிலிருந்து ஒவ்வொரு சீட்டாக உருவி, அதில் பெயர் உள்ள ஃபங்ஷனை ஓட்டும்.

செய்து பார்த்தால் தெளிவாகிவிடும். 'ஒன்று', 'இரண்டு', 'மூன்று' என்று தன் பெயரை மட்டும் திரையில் எழுதும் மூன்று ஃபங்ஷன் எழுதுங்கள். மெயினில் அதே வரிசையில் மூன்றையும் பதிவு செய்து, கடைசியில் 'மெயின் முடிந்தது' என்று எழுதவிடுங்கள். திரையில் வருவது இது:

மெயின் முடிந்தது
மூன்று
இரண்டு
ஒன்று

வரிசை தலைகீழாவது ஏதோ வசதிக்காக அல்ல. ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடி, மெயின் சுவிட்சை அணைத்து, கடைசியில்தான் கதவைப் பூட்டுகிறோம். உள்ளே வந்தபோது முதலில் செய்தது கதவைத் திறந்தது. புரோகிராமும் அப்படியே. முதலில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் ஃபைலைத் திறக்கிறோம், அப்புறம் சென்சாரோடு இணைகிறோம். முடிக்கும்போது சென்சார் இணைப்பைத் துண்டித்து, 'துண்டித்தாயிற்று' என்று லாக்கில் ஒரு வரி எழுத வேண்டியிருக்கும். லாக்கை முதலில் மூடிவிட்டால் அந்த வரியை எங்கே எழுதுவது? அதனால் ஒரு பொருளைத் திறந்த கையோடு, அதை மூடும் ஃபங்ஷனையும் பதிவு செய்துவிடுவது நல்ல பழக்கம். தலைகீழ் வரிசை மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஒரே ஃபங்ஷனை இரண்டு தடவை பதிவு செய்தால் இரண்டு தடவை ஓடும். கம்பி, சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. குறைந்தது 32 சீட்டுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. லினக்ஸில் பெரும்பாலோர் பயன்படுத்தும் ஜிஎன்யு சி நூலகம் அதற்கு மேலும் இடம் ஒதுக்கிக்கொண்டே போகும். பதிவு ஆகிவிட்டால் அட்எக்ஸிட் பூஜ்யத்தைத் திருப்பும், ஆகவில்லை என்றால் வேறு எண். அதைச் சோதிப்பவர்கள் அபூர்வம், ஆனால் சோதிப்பது ஒரு வரிதான்.

சீட்டில் பெயர் மட்டும்தான்

பதிவு செய்யும் ஃபங்ஷனுக்கு ஒரு கட்டாய வடிவம் உண்டு. அது எதையும் வாங்கக் கூடாது, எதையும் திருப்பக் கூடாது. சீட்டில் வேலையின் பெயர் எழுதலாம், விவரம் எழுத இடமில்லை.

நாம் உண்மையில் கொடுப்பது ஃபங்ஷன் பாயிண்டர், அதாவது அந்த ஃபங்ஷன் மெமரியில் இருக்கும் முகவரி. புதிதாகக் கற்பவர்கள் பெயருக்குப் பின்னால் பழக்கதோஷத்தில் ஒரு ஜோடி அடைப்புக்குறியைப் போட்டுவிடுவார்கள். அடைப்புக்குறி போட்டால் 'இப்போதே ஓடு' என்று பொருள். சமையல்காரர் போன் நம்பரைக் கொடு என்றால், அங்கேயே அவருக்குப் போன் போட்டு "வாங்க" என்று சொன்ன கதை. நல்லவேளையாக, எதையும் திருப்பாத ஃபங்ஷனாக இருந்தால் கம்பைலரே இதைத் தடுத்துவிடும்.

விவரம் எழுத இடமில்லை என்றால், எந்த ஃபைலை மூடுவது என்று அந்த ஃபங்ஷனுக்கு எப்படித் தெரியும்? எல்லா ஃபங்ஷனுக்கும் வெளியே அறிவித்த குளோபல் வேரியபிளில் வைக்க வேண்டும். குளோபல் வேரியபிளா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இங்கே வேறு நாகரிகமான வழி இல்லை. ஆன்எக்ஸிட் என்று விவரமும் வெளியேறும் எண்ணும் (அது என்ன என்று கீழே வரும்) சேர்த்துத் தரும் ஒரு மாற்று ஜிஎன்யு நூலகத்தில் இருக்கிறது, ஆனால் அது தரநிலையில் இல்லாததால் எல்லா இடத்திலும் கிடைக்காது.

இங்கே ஒரு நுட்பமான பள்ளம். மெயினுக்கு உள்ளே அறிவித்த ஒரு சாதாரண வேரியபிளின் முகவரியைக் குளோபலில் வைத்துக்கொண்டு, பதிவு செய்த ஃபங்ஷனில் அதைத் தொடாதீர்கள். மெயின் ரிட்டர்ன் ஆனதும் அந்த வேரியபிளின் ஆயுள் முடிந்துவிடும், சீட்டுகள் உருவப்படுவது அதற்கப்புறம்தான். மோசம் என்னவென்றால், பத்தில் ஒன்பது தடவை அது சரியாக ஓடுவது போலவே தோன்றும்.

எக்ஸிட்டுக்குள் நடப்பது

எக்ஸிட் செய்வது மூன்று வேலை, இந்த வரிசையில்.

முதலில் கம்பியில் உள்ள சீட்டுகளை உருவி ஓட்டும். அடுத்து, திறந்திருக்கும் எல்லா ஃபைல்களின் பஃபரையும் காலி செய்து மூடும். பஃபர் என்பது, எழுதச் சொன்னதை உடனே அனுப்பாமல் சேர்த்து வைக்கும் சின்னக் கிடங்கு. ஒவ்வொரு எழுத்துக்கும் டிஸ்க் வரை ஓடினால் கட்டுப்படியாகாது, அதனால் மினிபஸ் மாதிரி ஆள் நிறைந்ததும்தான் கிளம்பும். மூன்றாவதாக, வெளியேறும் எண்ணைக் கெர்னலிடம், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேரும். வெளியேறும் எண் என்பது 'நன்றாக முடிந்தேன்' என்றால் 0, இல்லையென்றால் வேறு என்று வெளியுலகத்துக்குச் சொல்லும் குறி.

பஃபர் இரண்டாவதாகக் காலியாவதால்தான், சீட்டில் உள்ள ஃபங்ஷனுக்குள் பிரிண்ட்எஃப் போட்டாலும் அது திரைக்கு வந்து சேர்கிறது.

"நான் எக்ஸிட்டைக் கூப்பிடவே இல்லையே, மெயினில் ரிட்டர்ன் 0 மட்டும்தானே போட்டேன், எப்படி ஓடுகிறது?" என்று கேட்கலாம். மெயினைக் கூப்பிடுவதும் ஒரு ஃபங்ஷன்தான். சி நூலகத்தின் தொடக்கக் குறியீடு மெயினைக் கூப்பிட்டு, அது என்ன எண்ணைத் திருப்புகிறதோ அதை அப்படியே எடுத்து எக்ஸிட்டிடம் கொடுக்கிறது. ஆக மெயினிலிருந்து ரிட்டர்ன் ஆவதும் எக்ஸிட்டைக் கூப்பிடுவதும் ஒரே வாசல்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் கதையில் கெர்னல் கடைசி வரியில்தான் வருகிறது. கம்பி இருப்பது புரோகிராமின் சொந்த மெமரிக்குள். சீட்டுகளை உருவும் எக்ஸிட்டும் புரோகிராமோடு இணைந்த சி நூலகத்தின் ஒரு ஃபங்ஷன்தான். உங்கள் கம்பியில் என்ன குத்தியிருக்கிறது என்பதோ, கம்பி என்று ஒன்று இருப்பதோ கெர்னலுக்குத் தெரியவே தெரியாது.

சுருக்கமாக: அட்எக்ஸிட் சீட்டைக் குத்தும், எக்ஸிட் உருவும். எக்ஸிட் கூப்பிடப்படாமல் புரோகிராம் போனால் உருவுவதற்கு ஆளே இல்லை.

வேறு எப்படியெல்லாம் முடியும்?

கெர்னல் ஒரு புரோகிராமின் தோளைத் தட்டிச் சொல்லும் செய்திக்கு சிக்னல் என்று பெயர். கண்ட்ரோல்-சி அடித்தால் போவது இன்டரப்ட் சிக்னல். சும்மா 'கில்' கட்டளை கொடுத்தால் டெர்ம் சிக்னல். தனக்குச் சொந்தமில்லாத மெமரியைத் தொட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட். 'கில் மைனஸ் 9' என்றால் கில் சிக்னல், அதற்கு மேல் முறையீடு கிடையாது. இவற்றுக்குப் புரோகிராம் எந்த ஏற்பாடும் செய்திராவிட்டால், கெர்னல் அதை நின்ற இடத்திலேயே முடித்துவிடும். வீடு கம்பியோடு சேர்ந்து போய்விடும். எக்ஸிட் கூப்பிடப்படுவதில்லை, சீட்டுகள் ஓடுவதில்லை, பஃபரில் இருப்பதும் போய்ச் சேர்வதில்லை.

என் குளிர்பதனக் கிடங்கு மர்மம் இங்கேதான் அவிழ்ந்தது. ஃபைலின் அளவைப் பார்த்தேன்: சரியாக 8192 பைட். ஒரு பைட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. 4096இன் இரண்டு மடங்கு. அந்த மெஷினில் ஃபைல் பஃபரின் அளவு 4096. என் வரி ஒவ்வொன்றும் வரிமுறிவையும் சேர்த்து 23 எழுத்து. இரண்டு மினிபஸ் நிறைய ஏறியது 356 முழு வரி, மிச்ச இடத்தில் நாலு எழுத்து. ஃபைலின் கடைசி வரியில் வருஷத்தின் நாலு இலக்கம் மட்டும் நின்றது, மாசம்கூட இல்லை. காலை 9 மணியிலிருந்து 356 நிமிஷம் எண்ணினால் பிற்பகல் 2.56. அதற்கப்புறம் ஐந்தரை வரைக்கும் உள்ளது மூன்றாவது பஸ்ஸில் உட்கார்ந்திருந்தது. ஆபரேட்டர் கண்ட்ரோல்-சி அடித்தார், பஸ்ஸும் போச்சு, ஆளும் போச்சு. ஃபைலை மூடும் என் சீட்டு கம்பியில் அழகாகக் குத்தியபடியே இருந்தது.

இப்படி வந்து சேரும் சிக்னல் தவிர வேறு வழிகளும் உண்டு. 'அபார்ட்' என்ற ஃபங்ஷன் வேண்டுமென்றே அவசரமாகச் சாவதற்கு, புரோகிராம் தனக்குத் தானே ஒரு சிக்னல் அனுப்பிக்கொள்ளும். 'இது உண்மையாக இருந்தே ஆக வேண்டும்' என்று புரோகிராமுக்குள் வைக்கும் அசெர்ட் சோதனை தோற்றால் உள்ளே கூப்பிடப்படுவது இதுதான், இதில் சீட்டு ஓடாது, பஃபர் காலியாகும் என்றும் நம்பக் கூடாது. அண்டர்ஸ்கோர் எக்ஸிட் என்று, முன்னால் ஒரு அடிக்கோடு போட்ட தம்பி ஒருவர் இருக்கிறார். அண்ணன் செய்யும் முதல் இரண்டு வேலையைத் தாண்டிக் குதித்து நேரே கெர்னலிடம் போய்விடுவார். 2011 தரநிலையில் வந்த குவிக்எக்ஸிட்டுக்குத் தனிக் கம்பியே உண்டு, நம் கம்பியை அது தொடாது. எக்ஸெக் வகை ஃபங்ஷன்கள், ஓடும் புரோகிராமை நீக்கிவிட்டு அதே இடத்தில் வேறொன்றைக் குடிவைக்கும், பழைய சீட்டுகளெல்லாம் காணாமல் போகும். கரண்ட் கட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பைத்தான் எழுதிவிட்டு சி பக்கம் வருபவர்கள் இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் இருக்கிறது. பைத்தானிலும் அட்எக்ஸிட் என்றே ஒரு மாட்யூல் உண்டு. அங்கே கண்ட்ரோல்-சி அடித்தால் பைத்தான் அதைப் பிடித்து ஒரு எக்ஸெப்ஷனாக மாற்றிவிடுகிறது. அதை யாரும் கையாளாவிட்டாலும் புரோகிராம் ஒழுங்கான வழியில்தான் முடிகிறது, பதிவு செய்ததும் ஓடுகிறது. அதே பெயர், அதே விசை, சியில் ஓடாது. சியில் நடுவில் பிடிப்பதற்கு ஆள் இல்லை.

புரோகிராம் எந்த வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஒரு சின்ன வித்தை. ஷெல்லில், அதாவது டெர்மினலில் கட்டளை தட்டும் இடத்தில், அது முடிந்த உடனே எக்கோ, டாலர், கேள்விக்குறி என்று தட்டினால் வெளியேறும் எண் வரும். சிக்னலால் செத்தது என்றால் ஷெல் அந்த சிக்னலின் எண்ணோடு 128ஐக் கூட்டிக் காட்டும். 130 என்றால் கண்ட்ரோல்-சி, 134 என்றால் அபார்ட், 137 என்றால் கில் மைனஸ் 9, 139 என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், 143 என்றால் டெர்ம். "என் அட்எக்ஸிட் ஓடவில்லை" என்று யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது இந்த எண்ணைத்தான். பெரும்பாலும் அங்கேயே பேச்சு முடிந்துவிடும்.

கண்ட்ரோல்-சியை வாசலுக்குத் திருப்புவது

கில் மைனஸ் 9ஐ யாராலும் தடுக்க முடியாது. ஆனால் கண்ட்ரோல்-சியையும் டெர்மையும் பிடிக்கலாம். 'இந்த சிக்னல் வந்தால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று கெர்னலிடம் சொல்லி வைக்கலாம். அந்த ஃபங்ஷனுக்கு சிக்னல் ஹேண்ட்லர் என்று பெயர்.

உடனே எல்லோருக்கும் தோன்றுவது, ஹேண்ட்லருக்குள் எக்ஸிட்டைக் கூப்பிட்டுவிடலாமே என்பது. செய்யாதீர்கள். சிக்னல் எந்த நொடியில் வரும் என்று சொல்ல முடியாது. பிரிண்ட்எஃப் பஃபரைப் பாதி நிரப்பியிருக்கும்போது வரலாம், மலாக் தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வரலாம். அந்த நேரத்தில் எக்ஸிட் உள்ளே புகுந்து அதே பஃபரைக் காலி செய்யப் பார்த்தால், கணக்கு எழுதிக்கொண்டிருப்பவர் கையிலிருந்து நோட்டைப் பிடுங்கிய மாதிரி. நூறு தடவை ஒன்றும் ஆகாது, நூற்றியோராவது தடவை புரோகிராம் அப்படியே உறைந்து நிற்கும்.

ஹேண்ட்லருக்குள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள்: ஒரு கொடியை ஏற்றுங்கள். கொடி என்பது 0 அல்லது 1 வைக்கும் ஒரு குளோபல் வேரியபிள், வோலடைல் சிக்அட்டாமிக்-டி வகையில் அறிவிக்க வேண்டும். சிக்னல் குறுக்கே வந்தாலும் அதன் மதிப்பு பாதியில் நிற்காது, கம்பைலரும் அதைக் கவனிக்காமல் விடாது. மெயினில் ஓடும் லூப் ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கொடியைப் பார்க்க வேண்டும். ஏறியிருந்தால் லூப்பை விட்டு வெளியே வந்து, ரிட்டர்ன். அப்புறம் எக்ஸிட், கம்பி, பஃபர் எல்லாம் வழக்கம்போல. என் புரோகிராம் ஒரு நிமிஷம் தூங்கி எழுந்து எழுதும் ரகம், கண்ட்ரோல்-சி அடித்தால் ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம். ஸ்லீப்பில் இருக்கும்போது சிக்னல் வந்து ஹேண்ட்லர் ஓடினால் ஸ்லீப் பாதியிலேயே கலைந்துவிடும்.

பதிவு செய்த ஃபங்ஷனுக்குள்ளும் இரண்டு எச்சரிக்கை. அங்கிருந்து மறுபடி எக்ஸிட்டைக் கூப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் என்ன ஆகும் என்று தரநிலை உத்தரவாதம் தரவில்லை. பல த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் பல வேலை ஓட்டங்கள், ஓடும் புரோகிராமில் ஒரு த்ரெட் எக்ஸிட்டைக் கூப்பிட்டால், சீட்டுகள் ஓடும் நேரத்தில் மற்ற த்ரெட்கள் வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கும். நீங்கள் மூடிய ஃபைலில் இன்னொருவர் எழுத வரலாம். முடிந்தவரை மற்றவர்களை முதலில் நிறுத்திவிட்டு வாசலுக்கு வாருங்கள்.

ஃபோர்க் செய்தால் கம்பியும் இரண்டு

லினக்ஸில் ஒரு புரோகிராம் தன்னைப் போலவே ஒரு நகலை உருவாக்க ஃபோர்க் என்ற அழைப்பு உண்டு. மூலத்தைத் தாய் என்றும் நகலைச் சேய் என்றும் சொல்வார்கள். மெமரி முழுவதும் நகலாகும்போது, மெமரிக்குள் இருக்கும் கம்பியும் சீட்டுகளோடு நகலாகும்.

தாய் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, அதை அழிக்கும் ஃபங்ஷனைப் பதிவு செய்து, பிறகு ஃபோர்க் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேய் தன் சின்ன வேலையை முடித்து எக்ஸிட் ஆகிறது. அதன் கம்பியிலும் அதே சீட்டு. ஃபைல் அழிந்துவிடும். தாய் இன்னும் அந்த ஃபைலை நம்பித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஃபோர்க் நடக்கும் நேரத்தில் பஃபரில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதுவும் இரண்டாகி, ஒரே வரி இரண்டு தடவை ஃபைலில் விழும்.

அண்டர்ஸ்கோர் எக்ஸிட் இதற்காகத்தான் இருக்கிறது. சேய் அந்த வழியாகப் போனால் தாயின் சீட்டுகளைத் தொடாது.

கிட் செய்வது

இதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்த இடம் ஒன்று வேண்டுமென்றால், தினமும் பயன்படுத்தும் கிட்டையே, அதாவது புரோகிராமில் செய்யும் மாற்றங்களுக்குக் கணக்கு வைக்கும் கருவியையே, பார்க்கலாம். கிட்டின் மையம் சியில் எழுதியது. மாற்றிய ஃபைலை அதன் கணக்கில் சேர்க்க நீங்கள் 'கிட் ஆட்' செய்யும்போது அது இன்டெக்ஸ் டாட் லாக் என்று ஒரு பூட்டு ஃபைலை உருவாக்கி, புதிய விவரத்தை அதில் எழுதி, முடிந்ததும் சேர்த்தவற்றின் பட்டியலான உண்மையான இன்டெக்ஸ் ஃபைலின் பெயருக்கு மாற்றும். அந்தப் பூட்டு ஃபைல் இருக்கும்வரை வேறொரு கிட் அந்த இன்டெக்ஸை மாற்ற முடியாது.

பாதியில் ஏதாவது தவறி வெளியேற நேர்ந்தால் பூட்டு ஃபைல் கிடந்துவிடக் கூடாது. அதனால் இப்படியான தற்காலிக ஃபைல்களை அழிக்கும் ஒரு ஃபங்ஷனை கிட் அட்எக்ஸிட்டில் பதிவு செய்கிறது. அது போதாது என்று அதை எழுதியவர்களுக்குத் தெரியும், ஆகவே கண்ட்ரோல்-சி, டெர்ம் முதலிய சிக்னல்களுக்கும் தனியாக ஹேண்ட்லர் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தற்காலிக ஃபைலோடும் அதை உருவாக்கிய புரோசஸின், அதாவது ஓடும் புரோகிராமின், எண்ணையும் குறித்து வைத்து, அழிக்கும் நேரத்தில் 'இது நான் உருவாக்கியதுதானா' என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஃபோர்க் ஆன சேய், தாயின் பூட்டை உடைக்காமல் இருப்பது அதனால்.

இவ்வளவு செய்தும், கிட் ஓடும்போது கில் மைனஸ் 9 கொடுத்தாலோ கரண்ட் போனாலோ பூட்டு ஃபைல் கிடக்கும். அடுத்த தடவை 'ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, வேறொரு கிட் ஓடுகிறது போலும்' என்ற ரீதியில் ஒரு நீளமான செய்தியைக் காட்டி கிட் நின்றுவிடும். வேறு எதுவும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்டு நாமே அந்த ஃபைலை அழிக்க வேண்டும். இந்தச் செய்தியைப் பார்த்து எரிச்சல்படாதவர் இருக்க முடியாது, ஆனால் அந்த இடத்தில் கிட் செய்யக் கூடியது வேறெதுவும் இல்லை.

குளிர்பதனக் கிடங்குக்கு மறுநாளே திருத்திய புரோகிராமைக் கொண்டுபோனேன். கண்ட்ரோல்-சிக்கும் டெர்முக்கும் கொடி ஏற்றும் ஹேண்ட்லர் போட்டிருந்தேன். ஃபைலை மூடும் ஃபங்ஷனைப் பதிவு செய்த வரியை நீக்கிவிட்டேன், ஏனென்றால் எக்ஸிட் எப்படியும் ஃபைல்களை மூடத்தான் போகிறது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வரியை எழுதிய பிறகும் எஃப்ஃபிளஷ் போட்டேன். பஸ் நிறையக் காத்திருக்காமல் ஒரு ஆளோடு கிளம்பச் சொல்லும் அழைப்பு அது. நிமிஷத்துக்கு 23 பைட்டுக்கு வேகம் பார்க்கத் தேவையில்லை. கில் மைனஸ் 9 கொடுத்தாலும் எழுதிய வரி கெர்னலிடம் பத்திரமாக இருக்கும். கரண்ட் கட்டுக்கு அதுவும் போதாது, டிஸ்க் வரை போய்ச் சேர எஃப்சிங்க் வேண்டும், அந்தக் கிடங்கில் ஜெனரேட்டர் இருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

"இப்ப வயரைப் பிடுங்கினாக்கூட வருமா தம்பி?" என்று கேட்டார் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் வயரா சென்சார் வயரா என்று நான் திருப்பிக் கேட்பதற்குள் சென்சார் வயரைப் பிடுங்கிவிட்டார்.